கீற்று போன கூரைக்குக் கொடி வேண்டும்

சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம் வருகிறவர்கள் நண்பகலில் முதலில் தேடுவது கீற்றுப் பந்தலைத்தான். திருச்சியில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் தென்னங்கீற்றின் அடியில் உட்கார முடியும். பின்னலுக்குள் தங்கும் காற்று வெப்பத்தை மறிக்கிறது. சூடான காற்று இடுக்குகள் வழியே வெளியேறிவிடுகிறது.

அந்தக் கீற்றுதான் எமனாகவும் வந்தது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆறே மாதத்தில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். இதன் பிறகு கீற்றுக் கூரைக்காக யாரும் வாதாடக் கூடாது.

ஆனால் அதோடு குளிர்ச்சியும் போய்விட்டது. தமிழக அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கல்வீடுகளாக்கப் பார்க்கிறது. வீட்டுக்கு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. தீக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டாத வீடு. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. என்றாலும், பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி அதைக் கீழே படுத்திருப்பவர்கள்மேல் இறக்குகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த அரசு, தான் கட்டித் தரும் கூரையின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வழி குடிசைக்காரர்களிடமே இருந்தது. அவர்கள் கூரைமேல் ஏற்றிவிட்ட பூசணியும் சுரையும் காயோடு நிழலும் தந்தன. பச்சைக் கொடி சுலபத்தில் தீப்பற்றாது. வெயில் தளத்தைத் தொடும் முன்பே இலைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. இலைகள் விடும் ஈரம் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. மாடியில் கம்பிப் பந்தல் போட்டு, தரையில் ஊன்றிய பீர்க்கையும் புடலையையும் அதில் படரவிடலாம். மண் கீழே இருப்பதால் தளத்துக்குப் பாரமில்லை. தை மாதம் விதைத்தால் சித்திரைக்குள் பந்தல் மூடிவிடும்.

ஜன்னலுக்கு வெட்டிவேர் தட்டி இருக்கிறது. கடலூர் மணலில் விளையும் வேர் அது. நனைத்த தட்டியிலிருந்து 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால், சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். புழுக்கமான சென்னையைவிட, மே மாத மதியத்தில் வறண்ட காற்று வீசும் திருச்சிக்கு இது கூடுதலாக உதவும். காய்ந்தால் வெட்டிவேரும் எரியும் என்பதால் அடுப்படிப் பக்கம் மட்டும் கட்டக் கூடாது.

கொடிப் பந்தலுக்குத் தனித் திட்டம் எதுவும் தேவையில்லை. தளம் போடும்போதே நான்கு மூலையிலும் பந்தல்கால் நிறுத்தக் குழாய் பதித்து, வாசலோரம் கொடி ஊன்ற ஒரு முழம் மண்ணைச் சிமென்ட் பூசாமல் விட்டால் போதும். அந்த இரண்டு வரிகளை வீட்டின் வரைபடத்தில் இந்த ஆண்டே சேர்க்கலாம்.