நீங்க பையைப் பாத்துக்குங்க

ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி தனக்குக் கோயில் பிடிக்கும் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. பழைய பாட்டு, மாடித் தோட்டம், சீரியல் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார்கள். ரோலர் கோஸ்டர் பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு உங்கள் முழங்காலைப் பார்ப்பார். அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம்: “பேரப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவீங்களாக்கும்?” தோழியோடு போவேன். அவளுக்கு நேரமில்லை என்றால் தனியாகப் போவேன். பேரப் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அதுவரை காத்திருக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.

தீம் பார்க் பற்றிக் கருத்து இல்லாதவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஒருமுறைகூடப் போகாதவர்களிடம்தான் கருத்து அதிகம். அவற்றில் முதல் இடம் “அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்” என்பதற்கு. சொல்கிறவர்கள் எந்தப் பெரிய ரைடின் வாசலுக்கும் போனவர்களாக இருக்க முடியாது. அங்கே உயரம் அளக்கும் பலகை ஒன்று நிற்கும். 140 சென்டிமீட்டர் என்று கோடு போட்டிருந்தால், அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. பத்து வயதுப் பையன் குதிகாலைத் தூக்கி நிற்பான், தலைமுடியைக் கோதி நிமிர்த்திப் பார்ப்பான். ஊழியர் தோளைத் தட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். சின்னப் பசங்களுக்கான சமாச்சாரத்தில் சின்னப் பசங்களுக்கே இடமில்லை. பக்கத்திலேயே இன்னொரு பலகை: இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் உள்ளவர்கள் ஏற வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் வரக் கூடாது என்று எழுதிய பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தக் கருத்து ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்தியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறதே. நம்மூர் பார்க் எதில் வேண்டுமானாலும் பாருங்கள், மரநிழலில் அவள் இருப்பாள். சுற்றிலும் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. மடியில் நாலு போன், இரண்டு மூக்குக்கண்ணாடி, மாற்றுத்துணிப் பை, ஈரத் துண்டு. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லாததால் புளியோதரை டப்பா காரிலேயே இருக்கிறது. மத்தியானம் அதைப் பரிமாற வேண்டிய கவலையும் அவளுடையதுதான். மற்றவர்களைப் போல அவளுக்கும் முழு டிக்கெட் வாங்கியிருப்பார்கள். “உங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காதும்மா, நீங்க பையைப் பாத்துக்குங்க” என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருப்பான். ஒத்துக்கொள்ளுமா என்று அவளைக் கேட்டிருக்க மாட்டான். ஊரில் கிணற்றுச் சுவரிலிருந்து தலைகீழாகக் குதித்து நீந்தியவளாகக்கூட இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், டிஸ்னிலேண்ட் என்ற யோசனையே இப்படி ஒரு பெஞ்சில் பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பார்க்கில் குடை ராட்டினம் ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் அங்கே அழைத்துப் போவார். பெண்கள் குதிரையில் சுற்றிக்கொண்டிருக்க, அப்பா வேர்க்கடலை கொறித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. ஆக, பை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பாவின் அலுப்புக்கு மருந்தாகக் கட்டப்பட்ட இடம் அது. பெரியவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டிஸ்னி சினிமாக்காரர். நம் பக்கத்தில் 1995-ல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தாவைக் கட்டிய நவோதயா அப்பச்சனும் சினிமாக்காரர்தான். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ அவர் தயாரிப்பு. கொட்டகையில் ஆளை உட்கார வைத்து ஏமாற்றத் தெரிந்தவர்களுக்கு, அடுத்து ஆளையே படத்துக்குள் நடக்கவிட்டால் என்ன என்று ஆசை வருவது இயல்புதானே.

அடுத்த கருத்து பெரியப்பாமார்களுடையது: “சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதா?” பயம் நியாயமானது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ரோலர் கோஸ்டர் பெட்டிக்குச் சக்கரம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. தண்டவாளத்தின் மேல் ஓடுவது ஒன்று, பக்கவாட்டில் பிடிப்பது ஒன்று, அடியிலிருந்து கவ்வுவது ஒன்று. இந்த அடிச்சக்கரத்துக்கு அமெரிக்காவின் ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை வாங்கினார். அதன்பின் மேட்டின் உச்சியில் பெட்டி மேலே எகிறினாலும் தண்டவாளத்தை விட்டுப் போக வழியில்லை என்றாயிற்று. இன்று நமக்குக் கிடைக்கும் அடிவயிற்று ஜிலீரெல்லாம் அந்த மனிதர் தந்தது. சங்கிலி இழுத்து மேலே ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்கிறதே, அதைக் கேட்டுத்தான் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சறுக்காதபடி ஒவ்வொரு பல்லிலும் விழுந்து பிடிக்கும் கொக்கியின் சத்தம் அது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் தாலாட்டு. ரயில்வே சிக்னல் போலவே பாதையைக் கண்டம் கண்டமாகப் பிரித்திருப்பார்கள். முன்னால் போன வண்டி ஒரு கண்டத்தைக் காலி செய்யாமல் பின்னால் வருவது அதற்குள் நுழைய முடியாது. 

திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் லாரியில் வந்து இறங்கி, சில நாளில் பூட்டப்பட்டு, மறுபடி கழற்றப்படும் ராட்டினங்களின் கதை வேறு. அங்கே நானும் முதலில் அஸ்திவாரத்தைத்தான் பார்ப்பேன். அடியில் பலகைத் துண்டு சொருகியிருந்தால் டெல்லி அப்பளம் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து “எல்லாம் ஆபத்து” என்பதுதான் எரிச்சல்.

இதைவிட என்னைச் சீண்டும் கருத்து ஒன்று உண்டு. ஆர்வத்தோடு கேட்பவர்களிடமிருந்தே அது வரும். “எவ்வளவு உயரம்? எவ்வளவு ஸ்பீடு?” எண்ணைச் சொன்னால் அவர்களுக்குப் போதும், பெரிய எண் என்றால் நல்ல ரைடு. ஆனால் ரைடை நல்லதாக்குவது எண் இல்லை, வளைவின் வடிவம். அதற்கு ஒரு கதை.

1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃபிளிப் ஃபிளாப் என்ற ரைடில் ஆட்களைத் தலைகீழாகச் சுற்ற வைத்தார்கள். அந்த வளையம் சுத்தமான வட்டம். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். காரணம் எளிய கணக்கு. வட்டத்தின் உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் போனாலே, அடியில் நுழையும் இடத்தில் உங்கள் எடை ஆறு மடங்காகி அழுத்தும். அதுவும் படிப்படியாக வராது. சமதளத்திலிருந்து வட்டத்துக்குள் போகும் அந்த நொடியிலேயே மொத்தமும் தலையில் இறங்கும். இதற்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் ‘ரெவல்யூஷன்’ வந்தது. கட்டியவர் ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப், கணக்குப் போட்டவர் வெர்னர் ஷ்டெங்கல். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போடுகிறவர்களுக்குப் பழக்கமான க்ளோதாய்டு என்ற வளைவை ஷ்டெங்கல் எடுத்துக்கொண்டார். வேகம் அதிகமான அடியில் வளைவு விரிந்திருக்கும். வேகம் குறையும் உச்சியில் இறுகியிருக்கும். கனம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். தலைகீழாகப் போகிறோம் என்பதே உறைக்காமல் வெளியே வந்துவிடுவோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்களில் அவர் கை இருக்கிறது. 2005-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நம் வீட்டு வரவேற்பறையில் இவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. “அது எத்தனை அடி?” என்றுதான் கேட்பார்கள்.

எண்ணின் கதி என்ன என்பதற்கு நியூ ஜெர்சியின் கிங்டா கா சாட்சி. 2005-ல் திறந்தபோது 139 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமானது. கிளம்பிய சில நொடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம், நேரே மேலே, நேரே கீழே, அரை நிமிடத்துக்குள் கதை முடிந்தது. அடிக்கடி பழுதாகி நிற்கும். 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதே கோனி ஐலண்டில் 1927-ல் கட்டிய சைக்லோன் இன்னும் ஓடுகிறது. உயரம் 26 மீட்டர்தான், மரத் தண்டவாளம், உடம்பை உலுக்கி எடுத்துவிடும். நகர நிர்வாகம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே அறிவித்திருக்கிறது. மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-ல் திறந்த ரயிலில் இன்றும் நடுவில் ஒரு ஆள் நின்றபடி கையால் பிரேக் போடுகிறார். எதற்கு அங்கே கூட்டம்? எங்கே தூக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எந்தத் திருப்பத்தை மறைத்து வைக்க வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், அதற்குத்தான்.

“ஒரு தடவை போயாச்சு, போதும்” என்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முன்வரிசையும் கடைசி வரிசையும் ஒரே ரைடு இல்லை. முன்னால் உட்கார்ந்தால் பார்வை முழுவதும் உங்களுடையது. ஆனால் உச்சியில் கொஞ்சம் தொங்கவிட்டுத்தான் இறக்கும். கடைசி வரிசையை முன்பெட்டிகளின் எடை பிடித்து இழுப்பதால் உச்சியையே வேகமாகத் தாண்டும், ஆள் இருக்கையை விட்டு எழும்பிவிடுவார். காலையில் முதல் வண்டி மந்தமாக ஓடும். சக்கரமும் மசகும் சூடேறிய பிறகு, சாயங்காலத்தில் அதே பாதையில் அதே பெட்டி நன்றாகப் பறக்கும். ஒரு ராகத்தை ஒருமுறை கேட்டாயிற்று, இனி எதற்கு என்று கச்சேரிக்காரர்களிடம் யாரும் சொல்வதில்லை.

‘எல்லாம் போலி’ என்று உதட்டைப் பிதுக்கும் அறிவாளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. போலிதான். டிஸ்னிலேண்டின் கோட்டை 77 அடி மட்டுமே. மேலே போகப் போகக் கல்லின் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே போய் வானளாவியதாகக் காட்டியிருக்கிறார்கள். கோபுரத்தின் நிலைகள் மேலே போகப் போகக் குறுகுவதை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான வித்தையா என்ன? 1969-ல் திறந்த அவர்களது பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவது ஒரு பெரிய கண்ணாடியின் பிரதிபலிப்பு. 1860-களில் லண்டன் மேடையில் காட்டிய அதே தந்திரம். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

மிச்சம் இருப்பது, “ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு மணி நேரம் கியூவா?” 24 பேர் உட்காரும் வண்டி நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர் போகலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 720. அந்தக் கூடுதல் ஒரு நிமிடம் எங்கே போகிறது என்று மேடையில் நின்று கவனியுங்கள். ஒருவர் பெல்ட்டைப் போட்ட பிறகு செல்ஃபி எடுப்பார். ஒருவர் செருப்பைத் தேடுவார். இன்னொருவர் “மச்சான், நீ இங்க வாடா” என்று இடம் மாற்றுவார். பாதி வரிசை நம் உபயம். மீதிப் பாதி நிர்வாகத்தின் உபயம். மின்சாரத்தையும் ஆளையும் மிச்சம் பிடிக்க, விடுமுறை நாளிலும் ஒரே வண்டியை வைத்து ஓட்டுவார்கள்.

அதோடு இப்போது காசு கொடுத்தால் தனிவரிசை. டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸைக் கொண்டுவந்தபோது அது டிக்கெட்டோடு இலவசம். எல்லாருக்கும் சீட்டு, சீட்டில் போட்ட நேரத்துக்கு வந்தால் போதும். 2021-ல் அதை எடுத்துவிட்டுக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். நம்மூரிலும் கூடுதல் கட்டண வரிசை வந்துவிட்டது. இருக்கைகளில் பாதி அந்த வரிசைக்குப் போனால் 720 என்பது 360 ஆகிறது. சாதாரண டிக்கெட்காரர் நிற்கும் நேரம் இரட்டிப்பாகிறது. அவரிடமிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து இன்னொருவருக்கு விற்கிறார்கள், எடுத்ததற்கு அவருக்குப் பைசா தருவதில்லை. ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு மணி நேரமா என்ற கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். டிக்கெட் கவுண்டரில் போய்க் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.