மச்சினன் போட்ட முட்டுக்கட்டை

என் மச்சினனிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவன் தெருக்காரர்களும் நம்புவதில்லை. அவன் ஒருத்தன்தான் நம்புகிறான்.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு. என் மாமனார் 1967-ல் வாங்கி, பெற்ற பிள்ளையைவிட ஒழுங்காக வளர்த்த வண்டி. (பெற்ற பிள்ளை யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

"இது டாக்டருங்க கிளினிக்குக்குப் போற காராச்சேப்பா?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டான்.

"என்னா மாமா இப்படிச் சொல்லிட்டீங்க? இங்கிலாந்துல ட்ரையம்ப் கம்பெனிக்காரன் 1959-ல ஹெரால்டு விட்டான். டிசைன் போட்டவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. அந்த சேஸிஸை வச்சுதான் 1962-ல ஸ்பிட்ஃபயர்னு ஸ்போர்ட்ஸ் காரே பண்ணான். அப்போ இது ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்தானே?"

தம்பி ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தால் அண்ணன் கழுத்தில் மெடலா என்று கேட்க நினைத்தேன். சம்சாரம் பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

ஆனால் வண்டியைக் குறை சொல்ல முடியாது. 1961-லிருந்து நம்ம மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி பண்ணியது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட்டு சகிதமாக முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி எழுந்து நிற்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாமனார் வருஷா வருஷம் ஆனித் திருமஞ்சனத் தேருக்குக் குடும்பத்தை அதில்தான் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வருவார். ஒருதரம்கூட வழியில் நின்றதில்லை.

நின்றது, போன வருஷம்.

*

மச்சினனுக்கு அந்த ஒல்லிச் சக்கரங்களைப் பிடிக்கவில்லை. "ஆளு பயில்வான், காலு வெண்டைக்கா மாதிரி இருக்கு மாமா" என்றான். புது மாடல் சின்னக் காரிலிருந்து கழற்றிய அலாய் வீல் நாலு வாங்கி வந்தான். பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தன. ஆனால், பெண் வீட்டில் செட் ஆகவில்லை.

முதல் தகராறு, ஓட்டை. ஹெரால்டுக்கு நாலு ஸ்டட். அந்த நாலும் நிற்கிற வட்டத்தின் விட்டம் மூணே முக்கால் இஞ்ச், அதாவது 95.25 மில்லிமீட்டர். அலாய் வீலில் அது 100. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இரண்டாவது தகராறு, உள்ளே உரசியது. இந்தக் காலத்து முன்சக்கர டிரைவ் வண்டிகளின் சக்கரத்தில், ஹப்பில் உட்காருகிற முகம் வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கும். அதனால் சக்கரத்தின் பெரும்பகுதி உள்ளே போய்விடும். பழைய வண்டியில் மாட்டினால் சஸ்பென்ஷனைப் போய் முட்டும்.

இரண்டுக்கும் சேர்த்து சென்னையில் ஒரு கடைக்காரர் மருந்து கொடுத்தார். ஸ்பேசர்! அலுமினியத்தில் வடை மாதிரி நாலு தட்டு. அரை இஞ்ச் தடிமன். ஓட்டைகள் கோணல்மாணலாக நீளமாக இருந்தன.

"இது எந்த வண்டிக்கு?"

"யுனிவர்சல் சார். எல்லாத்துக்கும் உக்காரும்."

அலாய் வீலின் ஓட்டையை மட்டும் உள்ளூர் லேத்தில் கொஞ்சம் ராவிவிட்டார்கள். ஏறிவிட்டது. டயர்கள் வெளியே தள்ளி, வண்டி காலை அகட்டிக்கொண்டு நின்றது. மச்சினன் பத்துப் பதினைந்து போட்டோ எடுத்து அனுப்பினான்.

*

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் கடலூரிலிருந்து கிளம்பினோம். மச்சினன் ஓட்ட, பக்கத்தில் அவன் பெண் (பிளஸ் டூ). பின் ஸீட்டில் நானும் சம்சாரமும், நடுவில் ஒரு பண்ருட்டிப் பலாப்பழமும்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. "ரோடு சரியில்ல" என்றான். ரோடு நன்றாகத்தான் இருந்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் முன்பக்கத்திலிருந்து டக்... டக்... டக்.

"அப்பா, நிறுத்துங்க. என் காலுக்குக் கீழே அடிக்குது."

நல்லவேளை, நிறுத்தினான்.

இடது முன்சக்கரத்தில் ஒரு நட்டைக் காணவில்லை. இரண்டாவதை அந்தப் பெண் விரலாலேயே கழற்றி எடுத்து, "அப்பா, இது நாலே சுத்துல வந்துடுச்சு" என்றாள்.

எதிரே ஒரு கவர்மென்ட் பஸ், தன் வழக்கமான வேகத்தில், எங்களை உரசிக்கொண்டு போனது. அந்தச் சக்கரம் ஒரு நிமிஷம் முன்னால் கழன்று ஓடியிருந்தால்... அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம். மச்சினன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமனாரின் ஹெரால்டு ஒரு குட்டி லாரியின் முதுகில் ஏறிச் சிதம்பரம் வந்தது.

*

எங்கள் தெருவில் ஒரு புரொபசர் இருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். காலையில் கீழவீதியில் தேர் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஸ்பேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேருக்குச் சக்கரத்துக்கு வெளியில முட்டுக்கட்டை போடறாங்க. அது நிறுத்தறதுக்கு. நீங்க உள்ளே போட்டிருக்கீங்க. இதுவும் நிறுத்தத்தான் செஞ்சிருக்கு" என்றார்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். பெண் நோட்டை எடுத்துக்கொண்டாள். அந்த நோட்டிலிருந்துதான் கீழே தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மச்சினன் இருக்கலாம்.

"ஏம்மா, வண்டி பாரத்தைத் தாங்கறது ஸ்டட்டுன்னு நினைக்கிறோம். இல்லை. நட்டு இறுக்கறதால சக்கரமும் ஹப்பும் ஒண்ணை ஒண்ணு அழுத்திப் பிடிக்குதே, அந்தப் பிடிதான் தாங்குது. நட்டு எத்தனை சுத்து ஏறுதுங்கறது அதனால முக்கியம். ஸ்டட் எவ்வளவு தடிமனோ, குறைஞ்சது அவ்வளவு நீளத்துக்கு மரை பிடிக்கணும். ஹெரால்டு ஸ்டட் முக்கால் அரைக்கால்னு எல்லாம் இல்லை, வெறும் மூணுல எட்டு இஞ்ச். இஞ்சுக்கு 24 மரை. அப்போ எத்தனை சுத்து?"

"ஒம்பது."

"உங்கப்பா வண்டியில?"

"நாலு" என்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

அரை இஞ்ச் ஸ்பேசரைச் சொருகினால் அரை இஞ்ச் ஸ்டட் காணாமல் போகும். ஒன்று, நீள ஸ்டட் அடிக்க வேண்டும். இல்லையென்றால் தனியாக ஸ்டட் வைத்த ஸ்பேசர் வாங்க வேண்டும். அதை முதலில் ஹப்பில் முடுக்கி, அதன் மேல் சக்கரத்தை முடுக்குவது. அந்த ரகம் பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்கு மேல்தான் வரும். வண்டியின் பழைய ஸ்டட் அதற்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் சக்கரம் சரியாக உட்காராது. ஹெரால்டின் 95.25-ஐ அலாயின் 100-க்கு மாற்றுவதற்கும் இதுதான் மரியாதையான வழி, அரம் இல்லை. ராவின ஓட்டையில் நட்டின் கூம்பு முனை உட்கார இடமேது?

அடுத்தது, நடு ஓட்டை. ஹப்பின் மேல் ஸ்பேசர் ஆடாமல் பொருந்த வேண்டும். ஸ்பேசரின் விளிம்பு மேல் சக்கரம் பொருந்த வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்துகிறது என்றால் எந்த வண்டிக்கும் பொருந்தவில்லை என்று அர்த்தம். சக்கரம் நடுவில் நிற்காவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்குவது, கேட்கவே வேண்டாம்.

"எவ்வளவு தடிமன் சார் போடலாம்?" மச்சினனுக்குக் குரல் வந்துவிட்டது.

"கண்ணுக்கு எவ்வளவு அழகோ அவ்வளவுன்னு போட்டீங்க. அளந்து போடணும். சக்கரத்தோட மையக் கோட்டுலேர்ந்து, ஹப்புல உட்கார்ற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்குங்கறதுதான் ஆஃப்செட். சக்கரத்துல ஈ.டி.னு போட்டிருக்கும். பழைய சக்கரம் 20, புதுசு 40, அகலம் ஒண்ணேன்னு வச்சுக்குங்க. இருபது மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டா, சக்கரம் பழைய இடத்துக்கே வந்துடும். அதுக்குத்தான் ஸ்பேசர். அதுக்கு மேல ஒவ்வொரு மில்லிமீட்டரும் கடன்."

"யாருக்கு சார் கடன்?"

"பேரிங்குக்கு. தண்ணிக் குடத்தை இடுப்புல வச்சா கடலூர் வரைக்கும் நடக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்ப் பாருங்க. எடை அதேதான். தோள்பட்டை சொல்லும். ஹெரால்டு முன் அச்சு வேற மெல்லிசு. ஸ்டியரிங்கும் கனக்கும், பள்ளம் மேடெல்லாம் கைக்கு வரும்."

இன்னும் இருந்தது. வார்ப்பு அலுமினியம் வேண்டாம். நல்ல உலோகக் கலவையில் கடைந்ததாக இருக்க வேண்டும். மாட்டும் முன் ஹப்பின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சு வைத்து, சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆள் ஏற்றி அமுக்கி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். கடலூர்-சிதம்பரம் ஒருதரம் போய்த் திரும்பினால் கணக்கு சரி.

"இதையெல்லாம் செஞ்சாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. கம்பெனி கொடுத்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரித் தட்டைத்தான்.

மச்சினன் கொஞ்ச நேரம் தேர் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா ஓட்டின சக்கரம் பரண்ல இருக்கு மாமா" என்றான்.

அலாய் வீலை விற்றுவிட்டான். பழைய இரும்புச் சக்கரங்களைத் துரு நீக்கி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, புது ஸ்டட், புது நட்டு போட்டாயிற்று. ஸ்பேசர் பூஜ்யம். இப்போது வண்டி கிளம்பும் முன் அவன் பெண் நாலு சக்கரத்து நட்டையும் ஒருதரம் ரெஞ்சு வைத்துப் பார்க்கிறாள். அவள் தலையை ஆட்டினால்தான் சாவி போடுகிறான்.

அந்த நாலு தட்டுகளையும் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. சம்சாரம் எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கொத்சுப் பாத்திரத்துக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. நாலும் பிரிமணை! பாத்திரம் துளிக்கூட ஆடுவதில்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எல்லாத்துக்கும் உக்காருகிறது.