பட்டறைக்குத் திரும்பும் வழி

போர்க்களத்தில் துப்பாக்கி பேச மறுக்குமானால், அதை ஏந்தி நிற்பவன் அதன்பின் எப்போதுமே பேச மாட்டான்!

கடுமொழி என்று கருதிவிடாதீர்கள், தோழர்களே! கிடங்கிலே அது ஓர் எண். கோப்பிலே அது ஒரு பத்தி. வரவு செலவுத் திட்டத்திலே அது ஒரு தொகை. ஆனால், மூச்சுவிடக் காற்றும் போதாத பனிமுகட்டிலே, இமை மூடாமல் எல்லையைக் காத்து நிற்கிறானே ஏரோட்டியின் மகன், அவனுக்கு அது உயிர்! தாய் தந்த உயிர் ஒன்று. நாடு தந்த உயிர் மற்றொன்று. பின்னது பழுதானால் முன்னது போய்விடும்.

அந்த உயிரை எங்கே வடிப்பது? உள்நாட்டிலா, வெளிநாட்டிலா? “உள்நாட்டுத் துப்பாக்கியே வேண்டும், அதுவே தன்மானம்” என்று ஒரு சாரார் முழங்குகின்றனர். “உயிர் ஊசலாடும் இடத்தில் தன்மானம் பேசாதே; உலகில் எது சிறந்ததோ அதை வாங்கு” என்று மறு சாரார் உரைக்கின்றனர். மேடையில் ஏறும் நம் தோழர்களிடமும் இந்த வினா தொடுக்கப்படுகிறது. விடை சொல்லுமுன் விவரம் அறிவோம்.

நான் கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டவன். பொறியியல் கற்றவனல்லன், நாடகம் எழுதுபவன். ஆயினும், புறநானூறு தரும் ஒரு காட்சி இந்தச் சிக்கலை எனக்குத் தெளிவாக்கிற்று.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் செல்கிறார் ஔவையார். தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான் தொண்டைமான். நெய் பூசி, மயிற்பீலி அணிவித்து, மெருகு குலையாமல் அடுக்கி வைத்த வேல்கள்! பாராட்டுவது போலவே பேசுகிறார் ஔவை. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையிலே கிடக்கின்றன என்கிறார். புகழுரையா அது? பொடி வைத்த பேச்சு! அதியமானின் வேல் களத்துக்குப் போயிற்று, பட்டறைக்குத் திரும்பிற்று, பழுது நீங்கி மறுபடி களம் புகுந்தது. களத்திலிருந்து பட்டறைக்குத் திரும்புகிற அந்த வழி இருக்கிறதே, அதுதான் படைபலம்! மெருகு அல்ல, மயிற்பீலி அல்ல, அந்த வழி!

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாற்றைப் பாருங்கள்.

1857-இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கியையும், கொழுப்புத் தடவிய அதன் தோட்டாவையும் சிப்பாயிடம் நீட்டிற்று கும்பெனி. பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய தோட்டா! பசுவின் கொழுப்போ, பன்றியின் கொழுப்போ என்று குமுறினான் சிப்பாய். தூக்குகிறவனைக் கேளாமல் தோளில் ஏற்றப்பட்ட துப்பாக்கி அது! கும்பெனி திருத்தம் செய்ய முற்பட்டபோது நம்பிக்கை முறிந்துவிட்டிருந்தது. மார்ச் 29 அன்று வங்கத்துப் பாரக்பூரில் மங்கள் பாண்டே வெகுண்டெழுந்தான். பின் நடந்ததை உலகறியும். அந்தப் பாரக்பூருக்கு அண்டை ஊரான இச்சாப்பூரில்தான் 1904-இல் துப்பாக்கித் தொழிற்சாலை அமைத்தது வெள்ளை அரசு.

வெள்ளையன் போனான், அவனுடைய துப்பாக்கி போகவில்லை. 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை பாய்ந்தபோது நம் வீரனின் கையிலிருந்தது .303 லீ-என்ஃபீல்டு! ஒரு குண்டு சுட்டதும் தாழ்ப்பாளைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த குண்டு. எதிரியிடமோ, விசையை அழுத்த அழுத்தத் தானாகவே தோட்டா ஏறும் துப்பாக்கிகள்! பருத்தி உடையோடு பனியிலே நின்றான் நம்மவன். நெஞ்சுரத்தில் குறைவில்லை, கைக்கருவியில் குறைவு. படைக்கலத் தொழிற்சாலைகளில் காபி வடிக்கும் கலம் செய்கிறார்கள் என்று கிருஷ்ண மேனனை எதிர்க்கட்சியினர் எள்ளி நகையாடிய காலமும் அதுவே.

அடிபட்ட பிறகு விழித்தது டில்லி. பெல்ஜிய நாட்டு எஃப்.என். துப்பாக்கியை அடியொற்றி, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை இச்சாப்பூர் வடித்தது. 1966-இல் நம் திருச்சிக்கு அருகே, நவல்பட்டுப் பக்கம், படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. 1971 போரில் எஸ்.எல்.ஆர். தோளில் ஏறிக் களம் கண்டது. நம் தொழிலாளியின் கை சளைத்ததன்று என்பதற்கு அதுவே சான்று.

அடுத்து, வடிவமைப்பும் நம்முடையதாக வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. நல்ல ஆவல்! புனே நகரத்துப் படைக்கல ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் உருவெடுத்து, 1998 குடியரசு நாள் அணிவகுப்பில் உலா வந்தது 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கி. ஆனால், துப்பாக்கி பிறந்தபோது தோட்டா போதவில்லை! இஸ்ரேலிலிருந்து பெருவாரியாகத் தோட்டா வாங்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை உள்ளூர், தாலி வெளியூர்!

1999. கார்கில். மலைமுகட்டிலிருந்து முறையீடுகள் இறங்கி வந்தன. கடுங்குளிரில் தோட்டாக் கூடு விரிசல் காண்கிறது. சுடும்போதே சிக்கிக்கொள்கிறது. மும்மூன்றாகச் சுடும்படி வைத்தால் நில்லாமல் பொழிந்துவிடுகிறது. எண்ணெய் தெறித்துச் சுடுபவன் கண்ணிலேயே விழுகிறது. 2005-இல் நேபாள இராணுவமும் இன்சாஸ் மீது குறை கூறிற்று. பராமரிப்புச் சரியில்லை என்று இந்தியத் தரப்பு விடை கூறிற்று. திருத்தங்கள் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தன. நம்பிக்கைதான் திரும்பி வரவில்லை.

பிறகு என்ன நடந்தது? 2011-இல், குழலை மாற்றினால் இருவகைத் தோட்டாவையும் சுடக்கூடிய துப்பாக்கி வேண்டுமென்று உலகச் சந்தையில் டெண்டர் விடப்பட்டது. நான்காண்டு ஓடிற்று. 2015-இல் அதைச் சுருட்டி வைத்தார்கள். 2017-இல் இச்சாப்பூர் கொண்டுவந்த புதுத் துப்பாக்கி சோதனையில் தேறவில்லை. 2019-இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகள் அவசரமாக வாங்கப்பட்டன. ஒருமுறைதானே, அவசரந்தானே என்று ஆறுதல் கொண்டோம். 2024-இல் அதே நிறுவனத்திடம் மேலும் 73,000! விலை 837 கோடி ரூபாய். துப்பாக்கி ஒன்றுக்கு 1 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அவசரம் ஐந்தாண்டு நீடித்தால் அதற்குப் பெயர் அவசரமா, வழக்கமா?

உத்தரப் பிரதேசத்து அமேதி அருகே கோர்வா என்னுமிடத்தில், ரஷ்யக் கூட்டுறவோடு ஏ.கே.203 துப்பாக்கி செய்யும் ஆலை 2019 மார்ச் 3 அன்று கோலாகலமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 6,01,427 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்தானதோ 2021 டிசம்பர் 6 அன்று! இலை போட்டுப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, பிறகு உலை வைத்த கதை! 2023-இல்தான் உற்பத்தி தொடங்கிற்று. 2024 ஜூலையில் படையின் கையில் சேர்ந்திருந்தவை 35,000. ஆறு லட்சம் எங்கே, முப்பத்தையாயிரம் எங்கே!

இதனால் விளைந்தது என்ன? ஒரே படையில் மூவகைத் தோட்டா! இன்சாஸுக்கு 5.56. அமெரிக்கத் துப்பாக்கிக்கு 7.62. ஏ.கே.203-க்கும் 7.62. பின்னவை இரண்டும் ஒன்றுதானே என்று ஏமாறாதீர்கள். குழல் வாய்க்குப் பெயர் ஒன்று; தோட்டாவின் நீளம் வேறு. ஒன்று 51 மி.மீ. கூடுடையது, மற்றது 39. ஒன்றின் தோட்டா மற்றதில் ஏறாது. பக்கத்துப் பதுங்குகுழியில் பெட்டி நிறையத் தோட்டா இருந்தும், இந்தப் பதுங்குகுழியில் இருப்பவன் வெறுங்கையனாக நிற்க நேரும்!

நாடகக்காரன் அல்லவா? ஒரு கற்பனைக் காட்சியை மேடையேற்றிப் பார்க்கிறேன்.

வீரன்: ஐயா, குளிரிலே தோட்டாக் கூடு வெடித்துவிடுகிறது.

அதிகாரி: எழுதிக் கொடுத்தாயா?

வீரன்: கொடுத்தேன், ஐயா.

அதிகாரி: உரிய வழியில் கொடுத்தாயா?

வீரன்: உரிய வழியில்தான் அனுப்பினேன். அது வந்து சேர்வதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்!

தொழிலாளி: என் பட்டறைக்கு அந்தத் தாள் வரவே இல்லையே, ஐயா!

அதிகாரி: வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று!

திரை விழுகிறது.

சிரிப்பதற்காக எழுதியதன்று இது. வடிவமைக்கிறவர் ஒரு துறையில். வடிக்கிறவர் மற்றொரு துறையில். ஏந்துகிறவர் மூன்றாவது துறையில். எப்படிச் செய்தாலும் படை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் நெடுங்காலம் இருந்தன தொழிற்சாலைகள். வாங்குகிறவன் விலகிப் போக முடியாதபோது விற்கிறவன் செவியில் முறையீடு ஏறுமா? 2021 அக்டோபரில் தொழிற்சாலைகளைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கினார்கள். இச்சாப்பூரும் திருச்சியும் கான்பூர் தலைமையகத்தின் கீழ்ப் போயின. பெயர்ப்பலகை மாறிற்று, பட்டறைக்குத் திரும்பும் வழி திறந்ததா என்பதே வினா.

“உள்நாட்டுத் துப்பாக்கி பழுது என்கிறாய், வெளிநாட்டுத் துப்பாக்கியே வாங்கிவிடலாமே?” என்று கேட்பீர்கள்.

1965 போர் மூண்டதும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுதம் அனுப்புவதை அமெரிக்கா நிறுத்திற்று. நட்பு நாடென்று நம்பி அமெரிக்க ஆயுதங்களையே பெரிதும் சார்ந்திருந்த பாகிஸ்தானுக்குத்தான் அந்தத் தடை பேரிடியாயிற்று. கடையில் வாங்கிய துப்பாக்கியின் விசை நம் விரலில் இருக்கும். அதன் உதிரிப் பாகமோ கடைக்காரன் பூட்டிய பெட்டியில் இருக்கும். சாவியை அவன் எப்போது சட்டைப்பையில் போட்டுக்கொள்வான் என்று யார் அறிவார்?

“அப்படியானால் பழுதையும் பொறுத்துக்கொள் என்கிறாயா?” இல்லை, இல்லவே இல்லை! பழுது நமக்கு மட்டும் உரியதன்று. வியட்நாம் காட்டிலே அமெரிக்காவின் எம்.16 துப்பாக்கி சிக்கிக்கொண்டது. துடைத்துச் சுத்தம் செய்யும் கருவிகூட இல்லாமல் பலருக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினர், பெற்றோர் கொதித்தனர், 1967-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்துக் குற்றங்களை அடுக்கி அறிக்கை தந்தது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. துடைப்புக் கருவி வந்தது. அந்தத் துப்பாக்கியின் வழித்தோன்றல்கள் அரை நூற்றாண்டு கடந்தும் அவர்கள் தோளில் இருந்தன. என்ஃபீல்டு துப்பாக்கியால் உலகை மிரட்டிய பிரிட்டனின் எஸ்.ஏ.80 துப்பாக்கி 1991 வளைகுடாப் போர் மணலில் தடுமாறிற்று. பின்னர் ஜெர்மானிய நிறுவனத்தின் கையில் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொண்டார்கள்.

பழுது வந்தது இழிவன்று, தோழர்களே! பழுதைப் பட்டறைக்குச் சொல்லாமல் விட்டதே இழிவு. ஊழியர் செய்த குறையை ஒப்பந்தத் தாளால் மூடுவது அதைவிட இழிவு.

ஆகவே, மேடையில் நம் தோழர்கள் எழுப்ப வேண்டிய குரல், “உள்நாட்டுத் துப்பாக்கி எதுவாயினும் வாழ்க” என்பதன்று. “வெளிநாட்டுத் துப்பாக்கியே உயர்ந்தது” என்பதுமன்று. கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: களத்திலிருந்து வரும் ஒவ்வொரு முறையீட்டுக்கும், வடிவமைப்பாளரும் தொழிற்சாலையும் குறித்த காலத்துக்குள் விடையளிக்க வேண்டும். தொழிலாளியும் பொறியாளரும் பனிமுகட்டுக்குச் செல்லட்டும். தாம் செய்ததைத் தாமே ஏந்திப் பார்க்கட்டும்.

இரண்டு: அவசரத்துக்கு இறக்குமதி செய்வதாயின், அந்த அவசரம் என்றைக்கு முடியும் என்பதை அதே ஒப்பந்த நாளில் நாட்டுக்கு அறிவிக்க வேண்டும்.

மூன்று: துப்பாக்கிக்கு ஆர்டர் போடுமுன், அதன் தோட்டாவும் உதிரிப் பாகமும் உள்நாட்டில் வடிக்கப்பட வழி செய்ய வேண்டும்.

இயலாத காரியமா இது? திருச்சித் தொழிலாளி வடித்த டிரிச்சி அசால்ட் ரைபிள் ஊரின் பெயரையே சுமந்து நிற்கிறது. இன்சாஸ் பிறந்த அதே புனே நிலையம், ஐதராபாத் நிறுவனமொன்றோடு கைகோத்து, 2024-இல் ‘உக்ரம்’ என்ற 7.62 துப்பாக்கியை வெளியிட்டது. கை இருக்கிறது, கருத்து இருக்கிறது. களத்தின் குரல் வந்து சேரும் வழிதான் வேண்டும்.

திருச்சித் தொழிலாளியின் மகன் படையில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை வடித்த துப்பாக்கி மகன் தோளில் ஏறுகிறது. அதில் ஒரு குறை என்றால் மகன் சும்மா இருப்பானா? அன்றிரவே தந்தைக்குச் சொல்வான். தந்தை தூங்குவாரா? பொழுது விடியுமுன் பட்டறை வாயிலில் நிற்பார்! அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே உள்ள வழியைத்தான் அரசாங்கத்திடம் கேட்கிறோம்.

தொண்டைமானின் கொட்டிலைப் போல மெருகிட்டு அடுக்கிய துப்பாக்கிகளை அணிவகுப்பில் காட்டி மகிழ்வது போதும். அதியமானின் வேல் திரும்பிய சிறு பட்டறையின் கதவைத் திறந்து வையுங்கள்! உள்ளே உலை எரியட்டும்!