பாறசாலையோடு படம் முடிந்துவிடுமா?

கட்டுப்பாட்டுப் பொறியியல் நமக்கு அறிமுகமாகும் முறையே பிழை என்பது என் கருத்து. ஆசிரியர் வருகிறார், கரும்பலகையில் ஒரு பெட்டி வரைகிறார், அதற்குள் ஒரு பின்னம் எழுதுகிறார். "இதுதான் முறைமை. இது நிலைத்து நிற்குமா, காண்க" என்கிறார். நாமும் ரூத் அட்டவணை போடுகிறோம், நைக்குவிஸ்ட் வளைவு வரைகிறோம், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். அந்தப் பெட்டியின் கோட்டை எந்த இடத்தில் இழுப்பது என்று முடிவு செய்தவர் யார்? இதை எவரும் கேட்பதில்லை.

நான் கேட்கக் காரணம் நெய்யாறு.

அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேரும் அந்த ஆற்றில் அணைப் பணி 1950களில் தொடங்கியபோது, நெய்யாற்றின்கரை வட்டமும் விளவங்கோடு வட்டமும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே அரசின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. இடதுகரைக் கால்வாய் மட்டும் எல்லையைக் கடந்து களியக்காவிளைப் பக்கத்து ஏலாக்களுக்கு நீர் கொண்டுபோயிற்று. தமிழகப் பகுதியின் பாசனப் பரப்பு சுமார் 9,200 ஏக்கர். 2004இல் கேரள அரசு அந்த நீரை நிறுத்தியது. நெய்யாறு இருமாநில ஆறு அன்று என்பது அதன் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. உரிமை யாருக்கு என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். பொறியியல் மாணவன் பேச வேண்டியது வேறு.

இரண்டு மதகுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்த் துண்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேல் மதகைச் சற்றே தூக்கினால் கீழ்முனையில் நீர்மட்டம் உடனே உயராது; அலை வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கும். வந்தபின் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒரு தாமதம், அதை அடுத்து ஒரு தொகையீடு: கால்வாய்த் துண்டின் பரிமாற்றச் சார்பு இவ்வளவுதான். 1990களில் டச்சுப் பொறியாளர்கள் கால்வாய்த் தானியக்கத்திற்கு எடுத்தாண்ட உருவமும் இதுவே.

கணக்குக்காக நீளம் 4 கிலோமீட்டர், அகலம் 5 மீட்டர், தாமதம் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனையில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் மேலே எவ்வளவு கூடுதலாகத் திறக்கலாம்? நைக்குவிஸ்ட் விதி விடை தருகிறது: வினாடிக்கு ஏறத்தாழ 260 லிட்டர் வரை. அதை மீறினால் மட்டம் அடங்காது. 80 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கி, ஏற்றமும் இறக்கமும் பெருகிக்கொண்டே போகும். அதே பரப்பில் தாமதம் 40 நிமிடமானால் வரம்பு பாதியாகும். தொலைவில் இருப்பவனுக்கு நீர் விடும் கை மெல்ல அசைய வேண்டும் என்பதை அனுபவமுள்ள லஸ்கர் எந்த வளைவும் வரையாமலே அறிந்திருப்பார். நாம் வளைவு வரைந்தும் அறியவில்லை!

இனி இத்தகைய துண்டுகளை வரிசையாகக் கோத்துப் பாருங்கள். 1960இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் ருடால்ஃப் கால்மன் இரண்டு வினாக்களை எழுப்பினார். ஒரு முறைமையின் உள்நிலை ஒவ்வொன்றையும் நம் கையால் அசைக்க முடியுமா? வெளியிலிருந்து அளப்பதைக் கொண்டே அதை அறிய முடியுமா? நம் கால்வாய்க்கு இவ்விரண்டையும் பொருத்தினால் விடை நெஞ்சை உறுத்துகிறது. மேல் மதகால் கடைமடையின் மட்டத்தை அசைக்கலாம். ஆனால் நீர் மதகைத் தாண்டிக் கீழே விழுந்தபின், அங்கே நடப்பது எதுவும் மேலே தெரியாது. மேல் துண்டுகளில் ஆயிரம் அளவுகோல் நட்டாலும் கடைமடை ஏலா காய்கிறதா, நிரம்பி வழிகிறதா என்று சொல்ல இயலாது. அளவுகோலைக் கடைமடையிலேயே நட வேண்டும். செய்தி அங்கிருந்து மேலே போக வேண்டும்.

படத்தைப் பாறசாலையோடு முடித்தால் எல்லைக்கு அப்பால் போகும் நீர் என்னவாகிறது? 'வெளித்தொல்லை' என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறோம். வாழையும் மரச்சீனியும் நட்டுக் காத்திருக்கும் உழவன் நம் படத்தில் ஒரு தொல்லை! கணக்கில் இது பிழையாகவே தெரியாது. பெட்டிக்குள் எல்லாம் நிலைத்து நிற்கும். அதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

மறுப்பு ஒன்று வரும்: கால்வாய் உண்மையில் நேரியல் முறைமையா? அன்று. குறித்த மட்டத்தை ஒட்டிய சிறு ஏற்ற இறக்கங்களுக்கு மட்டுமே மேற்சொன்ன உருவம் பொருந்தும். வறண்ட கால்வாயில் முதல் நீரை மண் குடிக்கும். அங்கே தாமதம் 20 நிமிடம் என்பதற்குப் பொருளே இல்லை. நேரியல் ஆய்வு பயன்படுவதற்கே கால்வாயில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் நீர் ஓடும் ஏதேனும் ஒரு கால்வாயில் இரண்டு மதகுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். லஸ்கர் மேல் மதகைத் தூக்கும் நேரத்தை ஒருவர் குறிக்கட்டும். கீழ் மதகில் மட்டம் அசையும் நேரத்தை மற்றவர் குறிக்கட்டும். தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு அளக்காதீர்கள். நான் அப்படி அளந்து ஏமாந்தேன். மட்டை நீரின் வேகத்தில் போகும், அலையோ அதனினும் விரைந்து போகும். அளவுகளை நம் மன்றத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லைக்கு இருபுறமும் சேர்த்து ஒரே படமாக வரைந்து வெளியிடுவோம்.