மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயர்... பட்ஜெட்டில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "பாப்பா, நீதான் பத்திரிகையில இருக்கியே... கார் டயர்ல எது நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லேன்" என்றார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. போனை வாங்கிய சித்திதான் நடந்ததைச் சொன்னார்.

முந்தின நாள் ராத்திரி திண்டிவனம் தாண்டி நல்ல மழை. முன்னால் போன லாரி வேகத்தைக் குறைக்க, சித்தப்பா பிரேக் பிடித்திருக்கிறார். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், லாரியை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றிருக்கிறது. பின் சீட்டில் பாட்டியும் தம்பியும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், முன் டயர் இரண்டும் பட்டன் தேய்ந்து கிட்டத்தட்ட மொட்டை!

கார், நாலு வருஷமான சின்ன எஸ்.யூ.வி. 47,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடையில் விசாரித்தால் நான்கு டயருக்கு 30,000 ரூபாய்க்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் செமஸ்டர் ஃபீஸும் அதே மாசம். "18,000-க்குள்ள முடிக்க முடியுமா?" என்பதுதான் சித்தப்பாவின் கேள்வி.

என்னிடம் இருப்பது ஸ்கூட்டர்தான். ஆனாலும் சித்தப்பாவுக்காக நாலைந்து டயர் கடைகளுக்கு ஏறி இறங்கினேன். தெரிந்துகொண்டதை இந்த வாரம் உங்களோடு பகிர்கிறேன். மழைக்காலத்தில் குடும்பத்தோடு காரில் போகிற எல்லோருக்கும் இது உதவும்.

'ஆல் சீசன்' - நம்ம ஊருக்கு என்ன அர்த்தம்?

சித்தப்பாவிடம் ஒரு கடையில் 'ஆல் சீசன் டயர்' என்று சொல்லி, அதிக விலையில் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பெயர் பனி கொட்டும் நாடுகளிலிருந்து வந்தது. அங்கே கோடைக்கு ஒரு செட், குளிர்காலத்துக்கு ஒரு செட் என்று டயர் மாற்றுவார்கள். காரணம், சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகி, ரோட்டைப் பிடிக்கும் தன்மை குறைந்துவிடும். இப்படி மாற்றிக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்கு, இரண்டுக்கும் நடுவே செய்யப்பட்டதுதான் ஆல் சீசன் டயர்.

நமக்குப் பனி பிரச்னை இல்லை. நம்ம ஊர் டயருக்கு இரண்டே பரீட்சைதான். ஒன்று, சித்திரை வெயிலில் கொதிக்கிற ரோடு. இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கி நிற்கிற ரோடு. இந்த இரண்டிலும் பாஸாகிற டயர்தான் நமக்கு ஆல் சீசன். இங்கே விற்கும் நல்ல கம்பெனிகளின் சாதாரண ஹைவே டயர்களே இதற்குப் போதும். டயரில் மலைச்சிகரமும் பனித்துளியும் போட்ட முத்திரை இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இறக்குமதி டயர்தான் வேண்டும் என்றும் இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாக ஆரம்பித்த எம்.ஆர்.எஃப் நம்ம சென்னைக் கம்பெனி. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட் என்று தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன.

டயரே சொல்லும் ஜாதகம்

கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படியுங்கள்.

சைஸ்: சித்தப்பா கார் டயரில் 215/60 ஆர்16 95ஹெச் என்று இருந்தது. பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ போன்ற கார்களின் பல வேரியன்ட்களில் 215/60 ஆர்16 சைஸைப் பார்க்கலாம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 60 சதவிகிதம் பக்கவாட்டு உயரம். 16 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும். விலை குறைவு என்பதற்காக, கார் கம்பெனி சொன்ன சுமை எண்ணுக்குக் குறைவான டயரை வாங்கவே கூடாது. ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் பாரம் முழுக்க அதன் தலையில்தான்.

மழையும் வெயிலும்: பல டயர்களில் டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்ற இரண்டு கிரேடுகளைப் பார்க்கலாம். டிராக்‌ஷன் என்பது ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் திறன். ஏஏ, ஏ, பி, சி என்று வரிசை. டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கும் திறன். ஏ, பி, சி. நமக்குத் தேவையான இரண்டு பரீட்சைக்கும் மார்க் இங்கேயே இருக்கிறது. இரண்டிலும் 'ஏ' இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே டிரெட்வேர் என்று 300, 400 போல ஓர் எண் இருக்கும். எண் கூடினால் தேய்மானம் குறைவு. ஆனால் ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் மட்டும்தான் இதை ஒப்பிட வேண்டும்.

பிறந்த தேதி: டி.ஓ.டி என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. "ஆஃபர்ல தர்றோம்" என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டு, மூன்று வருஷம் குடோனில் கிடந்த டயருக்குப் புது டயர் விலை கொடுக்காதீர்கள். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"அக்கா, ஏ.டி. டயர் போட்டா கார் கெத்தா இருக்கும்" என்றான் தம்பி. ஏ.டி. என்பது ஆல் டெரெய்ன், கரடுமுரடான பாதைக்கானது. நாம் ஓட்டுவதெல்லாம் தார் ரோட்டில்தான். அதில் இந்த டயர் இரைச்சல் போடும், மைலேஜைக் குறைக்கும். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது!

விலை குறைவா, செலவு குறைவா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 6,500 ரூபாய் டயர் ஒன்று 35,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 18 பைசாவுக்கு மேல் ஆகிறது. 7,800 ரூபாய் டயர் 50,000 கி.மீ. ஓடினால் 16 பைசாவுக்கும் குறைவு. விலை அதிகமான டயர்தான் இங்கே சிக்கனம். அதனால் கடையில் விலையோடு, "டாக்ஸி ஓட்டுறவங்க இதை எவ்வளவு தூரம் ஓட்டுறாங்க?" என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, கார் டயருக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அடிப்படை விலை 7,000 என்றால் ஒரு டயருக்கு 700 ரூபாய் மிச்சம். பில் போட்டு வாங்கினால்தான் இது தெரியும். வாரன்டிக்கும் அந்த பில்தான் ஆதாரம்.

இரண்டுதான் முடியும் என்றால்...

நம்ம ஊரில் கார் டயரின் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால், மழையில் தண்ணீரை வெளியே தள்ள ஆழம் வேண்டும் என்பதால், 3 மி.மீ. வந்ததுமே மாற்றுவது நல்லது. சித்தப்பாவின் பின் டயர்களில் 4 மி.மீ. மிச்சம் இருந்தது. அதனால் இப்போதைக்கு இரண்டு மாற்றினால் போதும் என்றேன்.

"அப்போ புதுசை முன்னாடி போட்டுடலாம். இழுக்குறது முன் சக்கரம்தானே?" என்றார் சித்தப்பா. பலரும் செய்யும் தப்பு இது. புதுசு பின்னால்தான் போக வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். நம் கையில் எதுவும் இருக்காது. எனவே, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் மாற்றி, புது ஜோடியைப் பின்னால் போடச் சொன்னேன். ஜோடி என்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

டயர் மாற்றிய கையோடு வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டும் அவசியம். இதை மிச்சம் பிடித்தால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், காற்று எவ்வளவு என்ற ஸ்டிக்கர் இருக்கும். மாதம் இரண்டு முறை, கார் ஓடிச் சூடாவதற்கு முன் அளந்து பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். நைட்ரஜன்தான் வேண்டும் என்று இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்!

கடைசியில் சித்தப்பா வாங்கியது 7,600 ரூபாய் டயர் இரண்டு. பேலன்ஸிங், அலைன்மென்ட் சேர்த்தும் 18,000-க்குள் முடிந்தது. தம்பியின் ஃபீஸும் கட்டியாகிவிட்டது. மீதி இரண்டுக்கு, அடுத்த மழைக்கு முன் மாற்றுவதற்காகச் சித்தி இப்போதே மாதம் 1,500 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறார்.

போன வாரம் மழையில் மறுபடியும் அதே ரோடு. பாட்டி போனில் சொன்னார்: "உங்க சித்தப்பன் இப்ப மெதுவாத்தான் ஓட்டுறான்டி." புது டயர் வாங்கினாலும், அதையும் விட்டுவிடக் கூடாது!

இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் கார் பக்கத்தில் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?