சம்பளச் சீட்டையும் வாசிப்போம்

நம் வாசிப்பு வட்டங்களில் அம்பேத்கரை வாசிக்கிறோம், பெரியாரை வாசிக்கிறோம், நீதிமன்றத் தீர்ப்புகளை வரி வரியாகப் பிரித்து விவாதிக்கிறோம். நம் அம்மாவும் சித்தப்பாவும் மாதாமாதம் வாங்கி மடித்து வைக்கும் சம்பளச் சீட்டை மட்டும் யாரும் வாசிப்பதில்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக நான்கு ஆண்டுகளாகச் சில நகராட்சிகளுக்குப் போய் வருகிறேன். சாதி இன்று எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், அங்கே நான் பார்த்த சம்பளச் சீட்டுகளைத்தான் முதலில் காட்டுவேன்.

முதலில் பணத்துக்கு வைக்கும் பெயர்களைப் பாருங்கள். நிரந்தரத் தூய்மைப் பணியாளருக்குக் கிடைப்பது காலமுறை ஊதியம். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என்று அது தனித்தனியாக இருக்கும். விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறும், ஆண்டுதோறும் ஊதிய உயர்வு வரும். அதே தெருவை அதே துடைப்பத்தால் கூட்டும் ஒப்பந்தப் பணியாளருக்குத் தினக்கூலி. வந்த நாளுக்குப் பணம், காய்ச்சலில் படுத்த நாளுக்கு இல்லை. கிராம ஊராட்சியில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலருக்கு மதிப்பூதியம். ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை. தற்காலிகச் செவிலியருக்குத் தொகுப்பூதியம். எனக்கு வருவது உதவித்தொகை.

இவை வெறும் சொற்கள் என்று கடந்துபோக முடியாது. கூலி, சம்பளம் என்று சொன்னால் குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி எங்கே, விடுப்பு எத்தனை நாள் என்று கேட்கலாம். மதிப்பூதியம் என்று சொல்லிவிட்டால், ஏதோ சேவை செய்தவருக்கு மரியாதைக்காகக் கொடுத்த தொகையாக அது மாறிவிடும். 2020-இல் தமிழ்நாடு அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. ஆளின் பெயர் மாறியது. அவர் கைக்கு வரும் பணத்தின் பெயர் மாறவில்லை. நான் ஆய்வு செய்யும் ஊர்களில் நிரந்தரப் பணியாளர்கள் ஓய்வுபெற, அந்த இடங்கள் ஒப்பந்தத்துக்குப் போயின. துடைப்பம் மட்டும் அதே அருந்ததியர், ஆதிதிராவிடர் குடும்பங்களின் கையிலேயே இருக்கிறது. வேலையில் சாதி தொடர்கிறது, ஊதியத்தில் இருந்த பாதுகாப்பு மட்டும் பறிபோயிருக்கிறது.

அடுத்தது பிடித்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு ரூ.500 வீதம் 26 நாள் வேலை செய்தால் ரூ.13,000. இதில் தொழிலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது ரூ.1,560. இ.எஸ்.ஐ. பங்கு 0.75 சதவீதம், அதாவது ரூ.98. இரண்டும் போக ரூ.11,342 கைக்கு வர வேண்டும். வேலையளிப்பவர் தன் பணத்திலிருந்து பி.எஃப். பங்காக இன்னொரு 12 சதவீதம் கட்ட வேண்டும். அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். இறப்புக் காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்தால் அவர் கட்ட வேண்டியது 13 சதவீதம், ரூ.1,690. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், ரூ.423.

வேலையளிப்பவரின் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது சட்டம். நான் பார்த்த பல சீட்டுகளில் இரண்டு பங்கும் தொழிலாளியிடமிருந்தே பிடிக்கப்பட்டிருந்தன. நம் கணக்கில் அப்படிப் பிடித்தால் கைக்கு வருவது ரூ.9,229. மாதம் ரூ.2,113 போகிறது. ஆண்டுக்கு ரூ.25,356. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் பணம் அது. சீட்டே கொடுக்காத ஒப்பந்ததாரர்களும் உண்டு. “பி.எஃப். புடிக்கிறாங்கன்னா அந்தக் காசு போச்சுன்னு அர்த்தம் தம்பி” என்றார் ஓர் அக்கா. தன் சேமிப்பையே அபராதம்போல நினைக்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தந்திரம், ஊதியத்தை உடைப்பது. அடிப்படை ஊதியத்தைக் குறைத்து, மீதியைப் பயணப்படி, சலவைப்படி என்று எழுதிவிட்டால் பி.எஃப். கட்ட வேண்டிய தொகை குறையும். எல்லோருக்கும் ஒரேமாதிரி வழங்கும் படிகளையும் அடிப்படை ஊதியத்தோடு சேர்த்தே பி.எஃப். கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் சீட்டுகள் பழையபடியே அச்சாகின்றன.

எனக்கு இவற்றைவிடக் கொடுமையாகத் தெரிவது முதுமையில் நேரும் இழப்பு. பி.எஃப். ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒப்பந்தம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கைமாறுகிறது. புதிதாக வருபவர் பழைய எண்ணைத் தொடராமல் புது யு.ஏ.என். எண்ணைத் திறக்கிறார். நான் சந்தித்த ஒருவர் ஒரே நகராட்சியில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். நான்கு ஒப்பந்ததாரர்கள், மூன்று எண்கள். எந்த எண்ணிலும் ஐந்து ஆண்டு முழுதாக இல்லை. அவற்றை இணைக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் போராடியதும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நினைவிருக்கும். தனியாரிடம் போனால் மாதம் பல ஆயிரம் குறையும் என்றார்கள் அவர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கிடைக்குமே என்று பதில் வந்தது. சட்டப்படி தர வேண்டியதை, கூலிக் குறைப்புக்கு ஈடாகக் காட்டிய பதில் அது. சம்பளச் சீட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் அதிகம் இருந்திருந்தால், அந்தப் பதிலுக்குப் பொதுவெளியில் அவ்வளவு எளிதாக ஆதரவு கிடைத்திருக்காது.

சாதி ஒழிப்பு பேசும் நாம் பிடித்தக் கணக்கில் ஏன் நேரம் செலவிட வேண்டும், அது தொழிற்சங்கத்தின் வேலைதானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை யாரிடம் இருந்தது? பாபாசாகேப் அம்பேத்கரிடம். தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறித்து 1943-இல் அடார்கர் நியமிக்கப்பட்டதும், 1944-இல் அவர் அறிக்கை அளித்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த அறிக்கையின் வழியே 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நம் அம்மாவிடம் இருக்க வேண்டிய இ.எஸ்.ஐ. அட்டைக்கும் நம் இயக்க வரலாற்றில் இடமுண்டு. ஓய்வூதியம் இல்லாத அம்மா அறுபது வயதில் வேலையை விட முடியாது. விட்டால், வீட்டில் வேறு வருமானம் இல்லாததால் மகள் அந்த இடத்துக்குப் போகிறாள். பரம்பரைத் தொழில் பல வீடுகளில் இப்படித்தான் தொடர்கிறது.

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு ஆளுக்கொரு சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள். மூன்று கேள்விகள் போதும். வேலை செய்த நாட்களும் நாள் கூலியும் சரியாக இருக்கின்றனவா? பிடித்தத்தில் வேலையளிப்பவரின் பங்கும் ஒளிந்திருக்கிறதா? பிடித்த பணம் கணக்கில் ஏறியதா? கடைசிக் கேள்விக்கு யு.ஏ.என். எண்ணை வைத்து உமங் செயலியில் பாஸ்புக்கைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஏறவில்லையென்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்ததாரர் கட்டாமல் விட்டால் அவரை வேலைக்கு அமர்த்திய உள்ளாட்சி அமைப்புதான் கட்ட வேண்டும். புகாரில் அந்த அமைப்பின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். தனியாகக் கொடுத்தால் மறுநாள் வேலை இருக்காது என்ற பயம் நியாயமானது. அதனால் பத்துப் பேராகச் சேர்ந்து கொடுங்கள், சங்கத்தையும் கூட அழைத்துப் போங்கள்.