சாக்கு எடைக் கழிவு

கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன் நான். கணக்குப் படித்தது தராசடியில். அம்மா பகலெல்லாம் பறித்த பழத்தை மேஸ்திரி நிறுத்துவார். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, இலைதழைக்கு ஒரு கிலோ கழிப்பார். "ஏன் சாமி, வெறுஞ்சாக்கு ஒரு கிலோவா இருக்கும்?" என்று அம்மா ஒருநாள் கேட்டுட்டா. மறுநாள் அவளுக்கு வேலை கிடையாது.

அந்தத் தராசு இப்போது கோட்டையில் இருக்கிறது.

2023 செப்டம்பரிலிருந்து அம்மா கணக்கில் மாசம் ஆயிரம் ரூபா விழுது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. அதை நான் பழிக்கமாட்டேன். அவ மாத்திரை வாங்குறதே அதிலேதான். தகுதியுள்ள எந்தச் சாதிப் பெண்ணுக்கும் அதே ஆயிரம். மற்றவர்களுக்குப் பொதுக் கஜானா கொடுக்கிறது. எங்கள் பெண்களுக்கு? ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியிலிருந்து 1540 கோடியை இதற்குத் திருப்பியது ஏன் என்று 2023 ஜூலையில் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமே மாநில அரசுக்கு நோட்டீஸ் விட்டது. பயனாளிகளில் உங்க ஆட்களும் இருக்காங்களே என்பார்கள். இருக்காங்கய்யா. ஊர்ப்பந்தியில் உட்காரவச்சு, எங்க எலைக்கு மட்டும் எங்க வீட்டு அரிசியையே அள்ளி வைக்கிறதுக்குப் பேரு விருந்தா?

சிறப்புக் கூறுத் திட்டம் என்ற பெயரில் 1979-80இல் இது தொடங்கியது. மக்கள்தொகை விகிதப்படி எங்களுக்கென்று ஒதுக்கி, எங்களுக்கே செலவழிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாங்கள் நூற்றுக்கு 20 பேர். பிச்சை கேட்கவில்லை, பங்கைக் கேட்கிறோம்.

2024 ஜூனில் சட்டமன்றத்தில் இதற்கென்று தனிச் சட்டமே போட்டாச்சு என்று தோழர்கள் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். கர்நாடகத்தைப் பாருங்கள். 2013லேயே சட்டம் போட்ட மாநிலம். பொதுச் செலவை எங்கள் செலவாகக் காட்ட இடம்கொடுத்த 7(டி) பிரிவை 2023இல் நீக்கினார்கள். அதே வருசம் இதே நிதியில் சுமார் 11 ஆயிரம் கோடியைத் தேர்தல் வாக்குறுதித் திட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். கட்சி வேறே, கத்தரி ஒண்ணுதான்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி நட்டார் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். குழி வெட்டினவன் யாருன்னு எழுதாது. அவன் பேரப்பிள்ளைக்கு இன்னும் பட்டா இல்லை. லயன் தோட்டத்துக்குச் சொந்தம். சொந்த மனை இல்லாதவனுக்கு அரசு கட்டித்தரும் வீடும் வராது. அம்மாவுக்கு முதுகு வளைந்து வேலை நின்றதும், மூன்று மாசத்தில் லயனைக் காலி பண்ணச் சொன்னார்கள். நன்னிலம் திட்டத்தில் நிலம் வாங்கப் பாதி விலையை, 5 லட்சம் வரைக்கும், அரசு மானியமாகத் தரும். விடுதிக்காரர்கள் வளைத்துப் போடும் இந்த மலையில் மீதிப் பாதிக்கு அம்மா எங்கே போவா?

லயன் ஜனங்களுக்கு மனையும் நிலமும் அரசே வாங்கித் தரட்டும். அதற்கு இந்தப் பணத்தை எடுத்தால் யாரும் தடுக்கமாட்டோம். ஏற்காடு ஒன்றியத்துக்கென்று இந்த நிதியில் வருசாவருசம் எவ்வளவு வந்தது, எத்தனை குடும்பத்துக்கு மனை கிடைத்தது என்று கிராமசபையில் வாசித்துக் காட்டுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எடை அவளுக்குத் தெரியும்.